முதற்பிரதி முடிந்த பின்

மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களுள் நாவல் எழுதத் துணிந்தவர்கள், அச்சேறிய நூல்களைக் கொண்டு நாம் ஊகிப்பதைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம் என்பது, இந்நகரின் தமிழ் வாழ்க்கையோடு சிறிதளவேனும் பரிசயம் உள்ளவர்களுக்குத் தெரிந்த விஷயம். பகலெல்லாம் அலுவலகத்திலோ பட்டறையிலோ உழைத்து, மின்சார ரயிலின் நெரிசலில் கசங்கி வீடு திரும்பி, மற்றவர்கள் உறங்கிய பின் சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து, ஊரையும் உறவையும் நினைவிலிருந்து மீட்டு முந்நூறு பக்கம் எழுதி நிறுத்தியவர்கள் இங்கே உண்டு. அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை ஏன் நூலாகவில்லை என்று கேட்டால், பதிப்பாளர் கிடைக்கவில்லை, கையில் பணமில்லை, சென்னை வெகு தூரம் என்று காரணங்கள் சொல்லப்படும். அவை யாவும் மெய்யே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முந்திய காரணம் ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன்; முதற்பிரதி முடிந்ததற்கு மறுநாள் என்ன செய்யவேண்டும் என்பதை நம் எழுத்தாளருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எழுதத் தொடங்குவோருக்கு உற்சாகமூட்டும் பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. எழுதியதை மறுபடி எழுதுவது பற்றிய விசாரமோ நம்மிடையே அபூர்வம். தமிழ் நாவலின் சரித்திரத்தையும் இம்மாநகரின் நிலைமையையும் கருத்திற்கொண்டு அந்தப் பிரச்சினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் குறைபாட்டின் வேர் நம் நாவல் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் நூலாகவே வெளிவந்ததாயினும், அடுத்த பெரும் படைப்பான ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த பின்னரே புத்தக உருப்பெற்றது. அன்றுதொட்டு ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழ் நாவலாசிரியரின் பெருவாரியான உழைப்பு பத்திரிகையின் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது. சென்ற வாரம் அச்சான அத்தியாயத்தை இந்த வாரம் திரும்பப் பெற முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் அறிமுகமான பாத்திரம் முப்பதாவது அத்தியாயத்தில் வேண்டாதவராகத் தோன்றினால், அவரை ஊருக்கு அனுப்பலாம், நோயில் கிடத்தலாம், கொல்லலாமேயன்றி, பிறவாதவராக ஆக்க முடியாது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954இல் முடிவுற்றது. முடிவு அவசரமாக அமைந்துவிட்டதென்று குறைப்பட்ட வாசகர்களுக்கு ஆசிரியர் முடிவுரையில் சமாதானம் எழுதினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே காலமானார். அத்தகைய மாபெரும் கட்டடத்தை எழுப்பியவருக்கே அதைச் சுற்றி வந்து பார்த்து, இடித்துக் கட்டும் அவகாசம் வாய்க்கவில்லை என்பதை நினைக்கும்போது நமக்கு வருத்தம் உண்டாகிறது. தொடர்கதை முறை அத்தியாயத்தை ஆவலோடு நிறுத்தும் சாமர்த்தியத்தை நமக்குக் கற்பித்தது. முழுமையின் எடையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தை அதனால் கற்பிக்க இயலவில்லை.

எனினும் மறுபடி எழுதுவது தமிழுக்கு அந்நியமான காரியம் என்று கொள்ளலாகாது. அ. மாதவையா 1892இல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் கதையைத் தொடங்கினார். அது முற்றுப்பெறாமல் இடையிலே நின்றது. பதினோராண்டுகளுக்குப் பின், 1903இல், அதே கதை ‘முத்துமீனாக்ஷி’ என்ற பெயரோடு, ஒரு பிராமணப் பெண் தன் வரலாற்றைத் தானே சொல்லும் நூலாக வெளிவந்தது. இடையிட்ட ஆண்டுகளில் அவர் ‘பத்மாவதி சரித்திர’த்தை எழுதி, நாவல் கலையின் சூட்சுமங்களில் தேர்ச்சி பெற்றிருந்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ ‘சரஸ்வதி’ இதழில் தொடராகத் தொடங்கி நின்றுபோய், பின்னர் முழு உருவம் பெற்று 1966இல் நூலாயிற்று. பத்திரிகை நின்றதும் தொடர் நின்றதும் அக்காலத்தில் துர்ப்பாக்கியங்களாகத் தோன்றியிருக்கலாம். அந்த இடைவெளியே இந்நாவல்களுக்கு நன்மை செய்தது என்பது என் துணிபு.

இவற்றினும் நுட்பமான உதாரணம் ஜெயகாந்தனுடையது. 1966இல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டு வீடு திரும்பிய கல்லூரிப் பெண்ணை, அவளுடைய தாய் தலையில் நீரூற்றிக் குளிப்பாட்டி, களங்கம் கழிந்ததென்று அணைத்துக்கொள்கிறாள். கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பிற்று. சில ஆண்டுகள் கழித்து, ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் ‘தினமணி கதி’ரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று 1970இல் நூலாகிய நாவலில், ஜெயகாந்தன் அந்த ஒரே இரவை மட்டும் மாற்றி அமைத்தார். தாய் அந்தரங்கமாக மறைக்கவில்லை; அலறுகிறாள்; அண்ணன் அறிகிறான்; பெண் வீட்டை விட்டு வெளியேற்றப்படுகிறாள். அந்த ஒரு மாற்றத்திலிருந்து கங்கா என்னும் பெண்ணின் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கையும், அவளைக் கெடுத்தவனே பின்னர் அவள் வாழ்வில் நுழைவதும், மாமாவின் கொடுமையும், நாவலின் அத்தனை துயரமும் கிளைத்து எழுகின்றன. 1972ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. திருத்தம் என்றால் அடைமொழிகளை மாற்றுவதென்றும் எழுத்துப்பிழைகளைக் களைவதென்றும் நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு படைப்புகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கவேண்டும். எந்த நிகழ்ச்சியை மாற்றினால் கதை முழுவதும் வேறாகுமோ அதைக் கண்டுபிடிப்பதுதான் மறு எழுத்தின் முதற்காரியம்.

பிறநாட்டு அனுபவமும் இதையே உறுதிசெய்கிறது. தாஸ்தயேவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் பெரும் பகுதியைக் குற்றவாளி தானே சொல்வதாக எழுதிச் சென்று, 1865 நவம்பர் இறுதியில் அதை நெருப்பிலிட்டு, வேறு உருவத்தில் புதிதாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது பத்திரிகையில் வரலாயிற்று. அமெரிக்காவின் ஹார்ப்பர் லீ 1957இல் பதிப்பகத்துக்குக் கொடுத்த பிரதியில், வளர்ந்த பெண்ணொருத்தி தன் தந்தையைக் காண ஊர் திரும்புகிறாள். அந்தப் பெண்ணின் பால்ய நினைவுகளே உயிருள்ளவை என்பதை டே ஹோஹாஃப் என்னும் பதிப்பாசிரியை கண்டு சொல்ல, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் திரும்பத் திரும்ப எழுதி, 1960இல் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ வெளிவந்தது. நம் மும்பைக்கு இன்னும் அணுக்கமான சாட்சியும் உண்டு. பிற்காலத்தில் இந்நகரின் கஃப் பரேடில் குடியிருந்து, 1946இல் ‘மார்க்’ என்னும் கலைப் பத்திரிகையைத் தோற்றுவித்த முல்க் ராஜ் ஆனந்த், தம்முடைய ‘தீண்டத்தகாதவன்’ நாவலின் பிரதியை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்று, காந்தியடிகளின் யோசனையின் பேரில் நூறு பக்கங்களுக்கு மேல் நீக்கியதாகத் தாமே கூறியிருக்கிறார். அவ்வாறு குறைந்த நாவலைப் பத்தொன்பது பதிப்பாளர் மறுத்தனர். 1935இல் அது இ. எம். ஃபார்ஸ்டரின் முன்னுரையோடு அச்சேறிற்று. ஒரு துப்புரவுத் தொழிலாளியின் ஒரே ஒரு நாள் என்ற அளவில் அந்த நாவல் இன்று பெற்றுள்ள இறுக்கத்துக்கு அந்த நூறு பக்கங்களின் தியாகம் ஒரு காரணம் என்று கொள்வதில் பிழையில்லை.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கேட்பது நியாயம். ஆவேசத்தில் பிறந்த முதல் வாக்கியத்தில் உள்ள ஜீவன் திருத்தத்தில் செத்துவிடும் என்பார் சிலர். தாஸ்தயேவ்ஸ்கியே 1866இல் ‘சூதாடி’யை இருபத்தாறு நாட்களில் வாய்மொழியாகச் சொல்லி முடித்தார் என்றும், நம் காலத்தில் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, இருபத்தாறு நூல்களாக ‘வெண்முர’சை நிறைவு செய்தார் என்றும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். இவை மறுக்க முடியாத சாதனைகள். ஆனால் அவற்றைச் செய்தவர்கள் பல்லாண்டு எழுதிப் பழகி, அமைப்பு பற்றிய தீர்மானங்களை எழுதுமுன்னரே மனத்தளவில் முடிக்க வல்லவர்கள். முதல் நாவலை எழுதுபவருக்குத் தம் கதை எதைப் பற்றியது என்பதே கடைசிப் பக்கத்தை எழுதும்போதுதான் தெரியவரும். ஆகையால் முதற்பிரதி என்பது அவர் தமக்குத் தாமே கதை சொல்லிக்கொண்ட முயற்சியாகவே பெரும்பாலும் இருக்கும்.

இனி இந்நகரத்துக்கு வருவோம். மும்பையிலிருந்து தமிழ் நாவலுக்கு வந்த கொடைகளுள் முதலிடம் நாஞ்சில் நாடனுக்கு உரியது. குமரி மாவட்டத்து வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, வேலை தேடி 1972இல் பம்பாய் வந்த அவர், தனியார் நிறுவன உத்தியோகத்தில் அலைந்துகொண்டே 1977இல் ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவலை வெளியிட்டார். பம்பாயிலிருந்து எழுதப்பட்ட அந்நாவலின் மண்ணும் பேச்சும் சோறும் முற்றிலும் நாஞ்சில் நாடு. ‘என்பிலதனை வெயில் காயும்’, ‘மாமிசப் படைப்பு’ ஆகியவற்றுக்குப் பிறகு, 1986இல் வந்த ‘மிதவை’யில்தான் படித்த இளைஞன் ஒருவன் ஊரிலிருந்து பம்பாய்க்கு வேலை தேடி வருகிறான், 1993இல் வெளியான ‘சதுரங்கக் குதிரை’ அந்நகரத்துப் பிரம்மசாரி ஒருவனின் வாழ்க்கையைச் சொல்கிறது. நகரத்துக்கு வந்து சேர்ந்தவர் நகரத்தை நாவலாக்கப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன என்ற செய்தியில், இங்கிருந்து எழுதும் ஒவ்வொருவருக்கும் பாடம் இருக்கிறது. கண்ணெதிரே இருப்பதை எழுத அவசரப்படலாகாது; தூரத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதாலேயே தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தத் தெளிவில் ஓர் அபாயமும் கலந்திருக்கிறது: ஊரை விட்டு வந்த ஆண்டிலேயே ஊர் நின்றுபோய்விடுகிறது. 1980இல் புறப்பட்டவருக்குத் தெருவின் திண்ணை இன்னும் திண்ணையாகவே இருக்கும். இந்த உறைவை முதற்பிரதி எழுதும்போது கவனிக்க முடியாது. மறு வாசிப்பில்தான் அகப்படும்.

ஆகவே மறு எழுத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். அதற்கு நாட்காட்டியும் வேண்டும். மும்பையில் வேலை பார்ப்பவருக்கு ஏற்ற கணக்கு ஒன்றை இங்கே சொல்கிறேன். மே மாதத்தில் முதற்பிரதி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூனும் ஜூலையும் இந்நகரில் பெருமழைக் காலம். தண்டவாளத்தில் நீர் ஏறி ரயில் நின்று, மனிதர்கள் வீடு சேர்வதே பிரயத்தனமாகும் அந்த இரண்டு மாதங்களிலும் பிரதியைத் தொடவே கூடாது. வேறு நூல்களைப் படிக்கலாம், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவலாம், சிறுகதை எழுதலாம். தம் வாக்கியங்கள் காதில் ஒலிப்பது நின்று, எழுதியதைப் பிறர் எழுத்தாகப் படிக்கும் மனநிலை வரும்வரை காத்திருப்பதே இந்த ஓய்வின் பயன். ஆகஸ்டில் முழுப் பிரதியையும் காகிதத்தில் அச்செடுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு மூன்று விடுமுறை நாட்களுக்குள் ஒரே மூச்சில் படிக்கவேண்டும். பிழை திருத்தக் கை துறுதுறுக்கும், இடம் தரக்கூடாது. எங்கே கொட்டாவி வந்தது, எங்கே பக்கத்தைத் தள்ளத் தோன்றியது, எங்கே கண் கலங்கியது என்ற மூன்றை மட்டும் பென்சிலால் ஓரத்தில் குறித்தால் போதும்.

அடுத்துச் செய்யவேண்டியது, நோட்டுப் புத்தகம் ஒன்றில் அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பிரதியை ஒரு பதிவேடாகச் சுருக்குவது. இது சலிப்பூட்டும் வேலை. இதைப் போல் பயன் தரும் வேலையும் வேறில்லை. தாராவிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய கற்பனை நாவலை எடுத்துக்கொண்டு ஒரு பக்கத்தை எழுதிக் காட்டுகிறேன். பதினொன்றாம் அத்தியாயம், 1984 ஜூலை, தாராவி கிராஸ் ரோடு, மழைநீர் வீட்டுக்குள் வருகிறது, தோல் பட்டறை வேலையை விட்டுவிட்டதை மூத்த மகன் தகப்பனாரிடம் இன்னும் சொல்லவில்லை, தாய்க்குச் சந்தேகம், அத்தியாய முடிவிலும் மகன் சொல்லவில்லை. இவ்வளவுதான் பதிவு. இப்படி முப்பது பக்கம் எழுதிய பின் புரட்டிப் பார்த்தால், ஒன்பதிலும் பத்திலும் பதினொன்றிலும் மகன் சொல்லாமலே இருக்கிறான் என்பதும், மழைநீர் இரண்டு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதும், மகளின் பெயரே நான்கு அத்தியாயங்களாகக் காணவில்லை என்பதும் வெளிப்படும். முந்நூறு பக்கப் பிரதியில் மறைந்து கிடந்த நோய் முப்பது பக்க நோட்டில் வெளியே வந்து நிற்கும். மூன்று அத்தியாயங்களை ஒன்றாக்கலாமா, மகனைப் பத்திலேயே பேசவைத்து அதன் விளைவை எழுதலாமா, மகளின் கண்வழியாகவே இவ்வளவையும் சொன்னால் என்ன என்று கேள்விகள் எழும். ஜெயகாந்தன் மாற்றிய அந்த இரவைப் போன்ற ஓர் இரவு ஒவ்வொரு பிரதியிலும் இருக்கிறது. செப்டம்பர் மாதம் முழுவதையும் அதைத் தேடுவதில் செலவிட்டாலும் தகும்.

குடிபெயர்ந்தோர் நாவல்களின் தொடக்கம் பற்றி ஒரு வார்த்தை. கதாநாயகன் தாதர் நிலையத்தில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி, கூட்டத்தைக் கண்டு மலைத்து, முகவரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர் வீட்டைத் தேடி அலைவதாகத் தொடங்கும் பிரதிகள் இங்கே மிகுதி. எழுதியவருக்கு அந்த நாள் மறக்க முடியாதது. அவர் மனத்தில் கதை அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் வாசகருக்குக் கதை தொடங்குவது பெரும்பாலும் நாற்பதாவது பக்கத்தில், அந்த மனிதர் ஏதேனும் ஒன்றை இழக்க நேரும் இடத்தில். முதல் நாற்பது பக்கங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதைப் படித்துப் பார்க்கும் தைரியம் வேண்டும். கதை விளங்குகிறதென்றால் அந்தப் பக்கங்கள் ஏணியாகப் பயன்பட்டவை. மாடிக்கு ஏறிய பின் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டுவதில்லை.

காலப் பிழைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இந்நகரம் எழுதுபவரை எளிதில் ஏமாற்றும். இதன் பெயர் சட்டப்படி மும்பை ஆனது 1995இல். விக்டோரியா டெர்மினஸ் சத்ரபதி சிவாஜியின் பெயரைப் பெற்றது 1996இல். ஆகவே 1984இல் பேசும் பாத்திரம் ‘வி.டி.’யில் இறங்குவார், ‘சி.எஸ்.டி.’யில் இறங்கமாட்டார். பாந்திராவிலிருந்த ஆடு மாடு அறுக்கும் கூடம் 1971இல் தேவனாருக்குப் போயிற்று. அதை ஒட்டி வாழ்ந்த தாராவித் தோல் தொழிலின் நிலைமையும் அதற்கு முன்பு வேறு, பின்பு வேறு. தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி அறுபதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஆலைத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தம் 1982 ஜனவரியில் தொடங்கியது. கலவரம் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும். பெருவெள்ளம் 2005 ஜூலை 26ஆம் தேதியில். இவற்றுள் எதையேனும் நாவல் தொட்டால், பாத்திரங்களின் வயதைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். 1982இல் ஆலையில் வேலை இழந்தவரின் மகன் 1993இல் எத்தனை வயதினன் என்பது கற்பனைக்கு விடத்தக்க விஷயமன்று. தாராவியைப் புனர்நிர்மாணம் செய்யும் திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குக் கிடைத்த பிறகு, முதற்பிரதியில் வர்ணிக்கப்பட்ட சந்து இரண்டாம் பிரதி எழுதும்போது இருக்குமா என்பதே நிச்சயமில்லை. இப்போதே போய் நடந்து, அகலத்தையும் வாசனையையும் மாடிப்படியின் செங்குத்தையும் குறித்துக்கொள்வது எழுத்தாளரின் கடமை.

அக்டோபரிலிருந்து எழுதவேண்டும், திருத்துதல் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்திலிருந்து புதிதாக எழுதுவதுதான் உத்தமம். கணினியில் பழைய கோப்பைத் திறந்து ஆங்காங்கே ஒட்டுப்போடுபவர், கண் பழகிப்போன வாக்கியங்களை விசாரிக்காமலே விட்டுவிடுகிறார். புதிதாக எழுதுபவருக்கோ தகுதியற்ற வாக்கியத்தை மறுபடி எழுதக் கையே வராது. மாலைக்கு இரண்டு பக்கம் வீதம் முந்நூறு பக்கத்துக்கு ஐந்து மாதம். பிப்ரவரியில் இரண்டாம் பிரதி முடிந்துவிடும். ஒவ்வொரு பிரதியையும் தேதியிட்டுத் தனித்தனியே சேமித்து, கணினிக்கு வெளியேயும் ஒரு நகல் வைத்திருப்பது அவசியம்.

பாஷை பற்றிய வேலை அதன் பிறகுதான். மும்பைத் தமிழ் நாவலில் இது தனிக் கவனத்துக்குரியது. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் முதுமை எய்திய தகப்பனார், “ஏலே, எங்க கிளம்பிட்ட?” என்று கேட்பார், இங்கேயே பிறந்த மகன், “நாக்கா வரைக்கும்தான்ப்பா, தோஸ்த் வெயிட் பண்றான்” என்பான், மாட்டுங்காவில் நாற்பது ஆண்டு இருந்த பாலக்காட்டுப் பாட்டியின் வாக்கில் இவ்விரண்டும் வாரா. முதற்பிரதியில் இவர்கள் மூவரும் ஆசிரியரின் குரலிலேயே பேசியிருப்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் சம்பாஷணையையும் தனியே பிரித்தெடுத்து, தொடக்கம் முதல் இறுதி வரை உரக்கப் படித்தால், யார் எங்கே தம் குரலை இழந்தார் என்று காது சொல்லிவிடும். இந்திச் சொற்களைச் சரிகைபோல் எங்கும் தூவுவதும் குற்றம், முழுவதும் துடைத்தெறிவதும் குற்றம். அந்த வீட்டில் அந்த வயதுக்காரர் எதைச் சொல்வாரோ அது மட்டும் நிற்கவேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு பிறர் கண் வேண்டும். தமிழ்ப் பதிப்புலகில் பிரதியைச் செம்மைப்படுத்துதல் ஒரு தொழிலாகவே நெடுங்காலம் கருதப்படவில்லை. மெய்ப்புத் திருத்துபவர் எழுத்துப்பிழை பார்ப்பார், அத்துடன் சரி. கையால் எழுத்துக் கோத்த காலத்தில், கோத்த பின் ஒரு பத்தியை நீக்கினால் பாரம் முழுவதும் கலையும், செலவு ஏறும் என்ற அச்சம் நியாயமாகவே இருந்தது. 1974இல் தொடங்கிய ‘க்ரியா’ பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன், 2020இல் மறையும் வரை, ஆசிரியரோடு உட்கார்ந்து பிரதியை வரிவரியாக விவாதிக்கும் வழக்கத்தைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தார். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, பூமணியின் ‘வெக்கை’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஆகியவை அந்தப் பதிப்பகத்தின் வழியாக வந்தவை என்பதை நினைவிற்கொண்டால், அவ்வுழைப்பின் மதிப்பு விளங்கும். இன்றோ கணினியில் பத்தியை நீக்க ஒரு நொடி போதும். முதற்பதிப்புச் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. ஆனால் பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி என்னும் ஒரே தேதி எல்லாரையும் துரத்துகிறது. நவம்பரில் கையளித்த பிரதி ஜனவரியில் கடையில் இருக்கவேண்டுமென்றால், அதை யார், எப்போது, எந்த நிதானத்தோடு படிப்பார்? பழைய தொடர்கதையின் வாரக்கெடு போய், வருடக்கெடு வந்திருக்கிறது. மே மாதத்தில் முடிந்த முதற்பிரதி வரும் ஜனவரிக்கன்று, அதற்கு அடுத்த ஜனவரிக்கே உரியது என்று எழுத்தாளர் தாமே தீர்மானித்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு பரிகாரமில்லை.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வி எஞ்சுகிறது. ‘ஆயுதங்களுக்கு விடை’ நாவலின் கடைசிப் பக்கத்தை முப்பத்தொன்பது தடவை எழுதியதாக ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொன்னார். கோகோலோ, ‘இறந்த ஆன்மாக்க’ளின் இரண்டாம் பாகத்தை ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதி, 1852இல் தீக்கு இரையாக்கி, சில நாட்களில் தாமும் மாண்டார். அமைப்பில் மாற்றம் நின்று, சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் பழையபடியே வைக்கத் தொடங்கிவிட்டால், பிரதி ஆசிரியரின் கையை விட்டுப் போகவேண்டிய காலம் வந்துவிட்டதென்று அறியலாம். என் அனுமானத்தில், மூன்று முழுப் பிரதிகளுக்கு மேல் ஒரு முதல் நாவலைச் சுமப்பது எழுதியவருக்கும் நல்லதன்று, நூலுக்கும் நல்லதன்று.

இந்நகரில் சயானிலே பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1932 முதல் கல்விப்பணி ஆற்றிவரும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் இருக்கிறது. தாராவியிலும் செம்பூரிலும் தமிழர் கூடும் மன்றங்கள் இருக்கின்றன. நூல் வெளியீட்டு விழாக்களுக்கு இடமளிக்கும் இத்தகைய அமைப்புகள், மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும், அச்சேறாத ஒரு நாவலின் கைப்பிரதியை முன்கூட்டியே நாலைந்து பேரிடம் கொடுத்துப் படிக்கச் செய்து, ஆசிரியரை நடுவில் உட்காரவைத்து, மேடையும் மாலையும் இன்றி இரண்டு மணிநேரம் பேசச் செய்யவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஓர் அறையும் சில நகல்களும் தவிர அதற்குச் செலவு ஏதுமில்லை. வாசகர்களிடமும் ஒரு விண்ணப்பம்: தெரிந்தவர் ஒருவர் தம் பிரதியை உங்களிடம் நீட்டினால், நேரமில்லை என்று தட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மாதத்துக்குள் படித்து, உங்களுக்குச் சலித்த இடங்களையெல்லாம் தயவு பாராமல் ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுங்கள்.